தகப்பனுக்கு 9 ஆண்டு, மகளுக்கு 39 ஆண்டு

1947இல் ஜப்பானில் ஒசாமு தசாய் ஒரு நாவல் எழுதினார். தமிழில் சொன்னால் 'மறையும் சூரியன்'. போரில் தோற்ற நாட்டில் சொத்தையும் பழைய மரியாதையையும் இழந்த மேட்டுக்குடிப் பெண் ஒருத்தி, மணமான எழுத்தாளன் ஒருவனின் பிள்ளையைச் சுமக்கிறாள். அதைத் தன்னந்தனியாக வளர்ப்பது என்று முடிவெடுக்கிறாள். கதையைச் சொல்பவள் அவளே, எழுதியவர் ஆண். அந்தப் பெண்குரலுக்கு அவர் எடுத்துக்கொண்ட மூலப்பொருள், ஷிசுகோ ஓட்டா என்ற பெண்ணின் நாட்குறிப்பு. டொனால்ட் கீன் மொழிபெயர்த்து, 1956இல் நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இடைவெளி 9 ஆண்டுகள்.

தசாயின் மனைவிக்குப் பிறந்த இளைய மகள் யூகோ ட்சுஷிமா. தகப்பன் இறந்தபோது ஒரு வயதுக் குழந்தை. வளர்ந்து அவரும் எழுத்தாளரானார். கணவனைப் பிரிந்து, டோக்கியோவில் பழைய அலுவலகக் கட்டிடம் ஒன்றின் உச்சி மாடியில் சின்ன மகளோடு குடியேறும் ஒருத்தியின் ஓராண்டு வாழ்க்கையை 1978-79இல் ஓர் இலக்கிய இதழில் மாதம் ஓர் அத்தியாயமாக எழுதினார். 12 அத்தியாயங்கள். பெயர் 'ஒளியின் ஆட்சிப்பரப்பு'. அந்த நூல் ஆங்கிலத்தில் வந்தது 2018இல். இடைவெளி 39 ஆண்டுகள். ட்சுஷிமா அதைப் பார்க்கவில்லை. 2016இலேயே இறந்துவிட்டார்.

இரண்டு நூல்களிலும் தனித்து நிற்கும் தாய்தான் இருக்கிறாள். ஒரு பெண்ணின் நாட்குறிப்பை எடுத்து ஆண் எழுதியபோது ஆங்கில உலகம் 9 ஆண்டில் கேட்டுக்கொண்டது. பெண் தன் கையால் எழுதியபோது 39 ஆண்டு காக்க வைத்தது. இன்றும் ட்சுஷிமாவை அறிமுகப்படுத்தும் குறிப்புகளில் பெரும்பாலானவை 'தசாயின் மகள்' என்று சொல்லாமல் முடிவதில்லை. ஒரு வயதில் விட்டுவிட்டுப் போன தகப்பனின் பெயரை, சாகும்வரை எழுதிய மகளின் நெற்றியில் ஒட்டித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள்.

இதைத் தற்செயல் என்று சொல்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தாமதம் ஒரு தணிக்கைமுறை. புத்தகத்தைத் தடைசெய்தால் எதிர்த்துக் கேட்க ஆள் வரும், வழக்கு வரும், ஊர்வலம் வரும். 'பிறகு பார்க்கலாம்' என்று வைத்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் நம் படிப்பையும் வேலையையும் பயணத்தையும் பற்றி இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். அதன் பொருள் நமக்குத் தெரியும்.

முதலில் இலக்கியத்தை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பின் ஜப்பானிய நாவல்களை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுசேர்த்ததில் நாஃப் பதிப்பகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1955இல் தொடங்கிய அந்த வரிசையின் தூண்கள் தனிசாகி, கவபாட்டா, மிஷிமா. அந்தக் காலத்தின் முக்கிய மொழிபெயர்ப்பாளர்களான கீனும் சைடன்ஸ்டிக்கரும் போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் மொழிப்பள்ளியில் ஜப்பானியம் கற்றவர்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கற்கும் வாசல் யாருக்குத் திறந்ததோ, அவர்களுடைய ரசனையே 'ஜப்பானிய இலக்கியம்' என்ற பெயரைப் பெற்றது. நுட்பமும் மௌனமும் அழகின் சோகமும்தான் ஜப்பான் என்றார்கள். அந்த நாவல்களில் பெண்கள் நிறைய உண்டு, பார்க்கப்படுகிறவர்களாக.

அதே காலத்தில் ஃபூமிகோ என்சி எழுதிக்கொண்டிருந்தார். கணவன் தனக்கொரு வைப்பாட்டியைத் தேடிவரச் சொல்லி மனைவியையே அனுப்புகிற கொடுமையில் தொடங்கும் அவருடைய நாவல் 1957இல் ஜப்பானில் வெளிவந்தது. ஆங்கிலத்துக்கு வந்தது 1971இல், அதுவும் டோக்கியோவிலிருந்த ஒரு ஜப்பானியப் பதிப்பகத்தின் ஆங்கிலப் பிரிவு வழியாக. 1982இல் ஜப்பானியப் பெண்களின் சிறுகதைத் தொகுப்புகள் மூன்று ஆங்கிலத்தில் ஒரே ஆண்டில் வந்தன. மூன்றுமே கல்விப்புலத்துக்கான பதிப்புகள். ஆண்கள் எழுதினால் இலக்கியம், கடையின் முன்வரிசையில். பெண்கள் எழுதினால் பாடத்திட்டம், நூலகத்தின் பின்வரிசையில்.

'நல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை' என்பார்கள். பொய். ட்சுஷிமாவின் மொழிபெயர்ப்பாளர் ஜெரால்டின் ஹார்கோர்ட் எண்பதுகளிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். ட்சுஷிமாவின் இன்னொரு நாவலை அவர் 1983இலேயே ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டார். அதற்கு விருதும் கிடைத்தது. பிறகு அந்தப் புத்தகம் கடைகளிலிருந்து மறைந்தது. 2018இல் அதே மொழிபெயர்ப்பைத் தூசி தட்டி, நவீன செவ்வியல் என்று முத்திரை குத்தி மறுபடி வெளியிட்டார்கள். எழுத்தாளர் இருந்தார், மொழிபெயர்ப்பாளர் இருந்தார், மொழிபெயர்ப்பும் இருந்தது. அச்சில் வைத்திருக்கும் மனம் மட்டும் இல்லை. ஹார்கோர்ட் 2019இல் இறந்தார். தன் உழைப்பு கொண்டாடப்படுவதைப் பார்க்க அவருக்குக் கிடைத்தது ஓராண்டு சொச்சம்.

மங்காவுக்கு வருவோம். ஜப்பானியச் சித்திரக்கதை என்றதும் வாளும் ரோபோவும் சண்டையும் நினைவுக்கு வந்தால், அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 1987இல் அமெரிக்காவில் தொடர் இதழ்களாக மங்கா வரத் தொடங்கியபோது விஸ், எக்லிப்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து இறக்கிய முதல் மூன்று தொடர்கள்: ஒரு போர்விமானக் கதை, ஒரு நிஞ்ஜா கதை, மாய சக்தி கொண்ட ஒரு சிறுமியின் கதை. மூன்றையும் உருவாக்கியவர்கள் ஆண்கள். சிறுமி நாயகியாக வரலாம். அவளை வரைபவளாகப் பெண் வரக்கூடாது போல.

ஜப்பானில் அப்போது பெண்கள் வரையவில்லையா? 1949ஐ ஒட்டிப் பிறந்த ஒரு தலைமுறைப் பெண்கள், அதுவரை பெரும்பாலும் ஆண்கள் வரைந்துகொண்டிருந்த சிறுமியர் இதழ்களை எழுபதுகளில் தங்கள் கைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். 'ஷோஜோ மங்கா' என்ற சிறுமியர் சித்திரக்கதையின் முகமே மாறியது. ரியோகோ இகேடா 1972இல் 'வெர்சாயின் ரோஜா'வைத் தொடங்கினார். பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, ஆணைப்போல் வளர்க்கப்பட்டு அரண்மனைக் காவல்படைக்குத் தலைமை ஏற்று, முடிவில் மக்கள் பக்கம் நிற்கும் ஒரு பெண்ணின் கதை. மோட்டோ ஹாகியோ 1974இல் 'தோமாவின் இதயம்' வரைந்தார். வரலாறு, அரசியல், பாலினம், மரணம் என எல்லாமே சிறுமிகளுக்கான மலிவுத்தாள் இதழில்.

ஆங்கில உலகத்துக்கு இது தெரியாமலும் இல்லை. ஃபிரெடரிக் ஷாட் 1983இல் மங்காவைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற அறிமுக நூலிலேயே 'வெர்சாயின் ரோஜா'விலிருந்து சில பக்கங்கள் மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. பதிப்புத்துறை அதைப் பார்த்தது, ரசித்தது, பக்கத்தைப் புரட்டிவிட்டது. முழுத்தொடரின் முதல் தொகுதி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2020இல். 'தோமாவின் இதயம்' 2013இல். 1972இல் இதழ் வாங்கிப் படித்த ஜப்பானியச் சிறுமி, ஆங்கிலப் பதிப்பு வந்தபோது பாட்டியாகியிருப்பாள்.

'அது சந்தை முடிவு. பெண்கள் காமிக்ஸ் படிப்பதில்லை' என்பது அன்றைய பதில். காமிக்ஸ் கடைகளை ஆண்பிள்ளைகளின் மன்றங்களாக வைத்துக்கொண்டு, உள்ளே பெண்கள் வரவில்லை என்று கணக்குக் காட்டினார்கள். 2000களின் தொடக்கத்தில் மங்கா அந்தக் கடைகளைத் தாண்டிச் சாதாரணப் புத்தகக் கடைகளில் அடுக்கப்பட்டபோது, கடைத்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படித்தவர்களில் பதின்வயதுப் பெண்கள் ஏராளம். நாட்சுகி டகாயாவின் 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' போன்ற தொடர்கள் விற்பனைப் பட்டியல்களில் ஏறின. முன்வைக்கப்படாத பண்டத்தைச் சந்தை நிராகரிக்க முடியாது. நிராகரித்தவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

சிறுமிகளுக்குக் கதவு திறந்த பிறகும் நடுவயதுப் பெண் வாசலிலேயே நின்றாள். 'காரோ' என்ற மாற்று மங்கா இதழில் முராசாகி யாமாடா 1981 முதல் 1984 வரை ஒரு தொடர் வரைந்தார். அடுக்குமாடிக் குடியிருப்பு, வேலைக்குப் போய்வரும் கணவன், வளரும் இரண்டு மகள்கள், நடுவில் தன்னைத் தேடும் ஒரு குடும்பத்தலைவி. சாகசம் எதுவும் கிடையாது. மெல்லிய கோடுகள், பல இடங்களில் முகத்தில் கண்ணும் மூக்கும்கூட இருக்காது. வீட்டு வேலை ஒரு பெண்ணின் முகத்தை எப்படி அழிக்கிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்த இதழில் பெண்கள் அரிதாக இருந்த அறுபதுகளிலேயே நுழைந்தவர் குனிகோ ட்சுரிடா. அதே 'காரோ'வில் வரைந்த செய்இச்சி ஹயாஷியின் புகழ்பெற்ற படைப்பு 2008இல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. ட்சுரிடா வந்தது 2020இல். அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து. யாமாடா வந்தது 2022இல். அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து.

தாமதத்தால் என்ன இழப்பு, கடைசியில் வந்துவிட்டதே என்று கேட்கலாம். கோபத்துக்குத் தேதி உண்டு. வீட்டு வேலைக்குக் கூலி எங்கே என்று எழுபதுகளில் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பெண்கள் இயக்கங்கள் கேட்டன. அந்த விவாதத்தின் சூடு ஆறும் முன்பே யாமாடாவின் பக்கங்கள் அங்கே போயிருந்தால், அவை இரண்டு நாட்டுப் பெண்கள் பேசிக்கொள்ள ஒரு மேசையாக இருந்திருக்கும். 2022இல் அவை 'மறக்கப்பட்ட செவ்வியல்' ஆகிவிட்டன. மறந்தவர் யார் என்பதைப் பின்னட்டை சொல்வதில்லை. செவ்வியல் என்றால் வணங்கலாம், சண்டை போட முடியாது. எழுதியவளைக் கூட்டத்துக்கு அழைத்து 'உன் கணவன் பாத்திரத்தை ஏன் இவ்வளவு எளிதில் விட்டாய்?' என்று கேட்க முடியாது. உரிமைத்தொகை அவள் வாடகைக்கும் மருந்துக்கும் உதவாது.

இன்று நிலை மாறிவிட்டது என்று சொல்வார்கள். பாதி உண்மை. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதில் மொழிபெயர்ப்புப் பிரிவு 2018இல் மீண்டும் தொடங்கியபோது வென்றவர் யோகோ டவாடா. 2020இல் யூ மிரி. சயாகா முராட்டா, மியேகோ கவகாமி, அசாகோ யுசுகி ஆகியோர் பரவலாக விற்கிறார்கள். உடற்குறை கொண்ட பெண்ணின் காமத்தையும் கோபத்தையும் எழுதிய சாஓ இச்சிகவாவின் நாவல் 2023இல் அகுதகவா விருது பெற்று, 2025இல் ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. மகிழ்ச்சி. கூடவே ஒரு கேள்வி: மனம் வைத்தால் இரண்டே ஆண்டில் முடிகிற வேலைக்கு 39 ஆண்டு ஏன்?

வந்து சேர்ந்த குரல் எந்த நிலையில் வந்தது என்பது அடுத்த வழக்கு. நவோகோ டகேயுச்சியின் 'செய்லர் மூன்' மங்காவில் ஹருகாவும் மிச்சிருவும் காதலர்கள். அதன் தொலைக்காட்சி வடிவம் வட அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, ஆங்கிலக் குரல்பதிவு அவர்களைச் சித்தி பெரியம்மா மக்களாக்கியது. படத்தை அழிக்க முடியாதே! கண்ணோடு கண் பார்ப்பதும் நெருங்கி நிற்பதும் அப்படியே இருக்க, வாய் மட்டும் உறவுமுறை சொன்னது. அதே நிகழ்ச்சியில் ஆணை நேசித்த ஓர் ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்கிவிட்டார்கள். காதலை மறைக்கப் பொய்ச்சொந்தம் கற்பிப்பது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல.

இன்னொரு அழிப்பு நுட்பமானது. கவகாமியின் 'முலைகளும் கருமுட்டைகளும்' நாவலின் உயிர் ஒசாகாவின் உழைக்கும் வர்க்கப் பேச்சு. அக்கா மதுக்கூடத்தில் வேலை செய்பவள், மார்பைப் பெரிதாக்கும் அறுவைசிகிச்சைக்காகத் தலைநகருக்கு வருகிறாள். அந்தப் பேச்சின் நக்கலும் வேகமும் ஆங்கிலத்தில் பெருமளவு சமதளமாகிவிட்டன. கரிசல்காட்டுக் கிழவியைச் செய்தி வாசிப்பவர்போல் பேசவைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? மொழிபெயர்ப்பாளர் ஆணா பெண்ணா என்பதல்ல என் புகார். யாமாடாவையும் ட்சுரிடாவையும் பொறுப்போடு கொண்டுவந்தவர் ஓர் ஆண்தான். வட்டாரமும் வர்க்கமும் கொண்ட பெண்குரலை 'வாசகருக்குப் புரியாது' என்று மழித்துவிடும் பழக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அந்தக் குரலைச் சுமப்பவர்களின் கூலிக்கு வருகிறேன். மங்கா மொழிபெயர்ப்பு பெரும்பாலும் ஒப்பந்த வேலை: பக்கத்துக்கு இவ்வளவு, அல்லது புத்தகத்துக்கு இவ்வளவு. புத்தகம் லட்சம் விற்றாலும் மொழிபெயர்ப்பவருக்கு அதே தொகை. பேச்சுக்குமிழிகளில் எழுத்தைப் பொருத்துபவருக்கும் அப்படியே. பெயர் அட்டையில் இருக்காது. உள்ளே பொடி எழுத்தில் தேடவேண்டும். இந்த வேலையில் பெண்கள் நிறையப் பேர். 2022இல் செவன் சீஸ் என்ற அமெரிக்க மங்கா பதிப்பகத்தின் ஊழியர்கள் சங்கம் அமைத்தார்கள். நல்ல செய்தி. ஆனால் அமெரிக்கத் தொழிலுறவுச் சட்டத்தின் பாதுகாப்பு ஒப்பந்தக்காரருக்குக் கிடையாது. வாக்கியத்தை உருவாக்குபவள் சங்கத்துக்கு வெளியே நிற்கிறாள். அதற்கும் வெளியே, பதிப்பகங்கள் கைவிட்ட தொடர்களை ஆண்டுக்கணக்கில் இரவு விழித்து இலவசமாக மொழிபெயர்த்த ரசிகைகள். சட்டம் அவர்களைத் திருடர்கள் என்றது. படைப்பாளிக்கு அதனால் பணம் வரவில்லை என்பது உண்மை. அந்தக் கதைகளுக்கு வாசகர் உண்டு என்று நிரூபித்துக் காட்டியவர்கள் அவர்கள் என்பதும் உண்மை. நிரூபித்த பிறகு பதிப்பகங்கள் உரிமை வாங்கிக்கொண்டன.

இப்போது எந்திரம் வந்திருக்கிறது. 2024இல் ஜப்பானின் ஆரஞ்ச் நிறுவனம் செயற்கை நுண்ணறிவு கொண்டு மங்காவை ஆங்கிலத்துக்கு மாற்ற சுமார் 292 கோடி யென் முதலீடு திரட்டியது. முதலீட்டாளர்களில் ஷோகாகுகானும் உண்டு. எழுபதுகளில் ஹாகியோவின் கதைகளை இதழ்களில் வெளியிட்ட அதே பதிப்பகம். ஜப்பான் மொழிபெயர்ப்பாளர் சங்கம் அந்த ஆண்டே இதைப் பற்றிக் கவலை தெரிவித்தது. ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் பெரும்பாலும் இருக்காது. வினை நம் வினையைப்போல் 'வந்தாள், வந்தான்' என்று பால் காட்டாது. பேசுபவர் தன்னைக் குறிக்க எந்தச் சொல்லைத் தேர்கிறார், வாக்கியத்தை எந்த விகுதியில் முடிக்கிறார் என்பதிலிருந்துதான் ஆளைப் பிடிக்கவேண்டும். பெண்ணாகப் பிறந்து ஆணின் சொல்லால் தன்னைக் குறிப்பவளை எந்திரம் யாராக எழுதும்? பழைய பழக்கம் எது அதிகமோ அதைத்தான் அது ஊகிக்கும். பழைய பழக்கம் யார் பக்கம் என்பதை இவ்வளவு நேரம் பார்த்தோம்.

'எந்திரம் வந்தால் விடுபட்ட பெண்கள் எல்லோரும் வேகமாக வந்துவிடுவார்களே, உங்கள் தாமதப் புகார் தீர்ந்ததே' என்று யாராவது சொல்லலாம். தீராது. தாமதத்துக்குக் காரணம் கைவேகம் என்றால்தானே எந்திரம் தீர்வாகும்? ஹார்கோர்ட்டின் கை 1983இலேயே வேகமாகத்தான் இருந்தது. எதை முதலில் கொடுப்பது, எதை அச்சில் வைத்திருப்பது என்ற முடிவு இன்னும் அதே மேசையில் இருக்கிறது. எந்திரம் அந்த மேசையைத் தொடாது. மொழிபெயர்ப்பவளின் கூலியைத்தான் தொடும்.

இது வேறு யாரோ இரண்டு மொழிகளுக்கு இடையிலான பஞ்சாயத்து என்று நாம் ஒதுங்கவும் முடியாது. தமிழுக்கு வரும் ஜப்பானிய எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியாகவே வருகிறது. ஆங்கிலம் தள்ளிவைத்தவளை நாம் கேள்விப்படுவதே இல்லை. ஆங்கிலம் மழித்த குரலை நாம் மறுபடி ஒருமுறை மழித்து, அதுதான் ஜப்பானியப் பெண் என்று நம்புகிறோம். சென்னையில் ஜப்பானிய மொழி கற்கும் பெண்கள் இருக்கிறார்கள். நிறுவன வேலைக்காகக் கற்கிறார்கள். அவர்களில் ஒருத்தியிடம் ஒரு பதிப்பகம் போய், இந்த நாவலை நேரடியாகத் தமிழில் கொடு, கூலி இது, பெயர் அட்டையில் வரும் என்று கேட்கட்டும். ஆங்கிலத்தின் வரிசையில் நாம் நிற்கத் தேவையில்லை.

மாணவிகளே, ஒரு மொழிபெயர்ப்பு நூலைக் கையில் எடுக்கும்போது மூன்று தேதிகளைத் தேடுங்கள்: மூலம் வெளிவந்த ஆண்டு, மொழிபெயர்ப்பு வந்த ஆண்டு, எழுதியவள் இறந்த ஆண்டு. கழித்துப் பாருங்கள். வகுப்பில் அந்த எண்ணைச் சொல்லி, ஏன் என்று கேளுங்கள். மொழிபெயர்த்தவர் பெயர் அட்டையில் இல்லையென்றால் பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு பெண்ணின் நூல் அச்சில் இல்லை என்றால் நூலகத்தில் கோரிக்கை எழுதிவைத்து, அடுத்த மாதமும் போய் அதே கோரிக்கையை எழுதுங்கள்.

இந்த நிமிடம் ஜப்பானில் ஏதோ ஓர் அடுக்குமாடியில், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஒருத்தி எழுதிக்கொண்டிருப்பாள். அவளை 2065இல் செவ்வியல் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அவள் உயிரோடு இருக்கும்போதே படிக்கவேண்டும். முடிந்தால் அவளோடு சண்டையும் போடவேண்டும்.